கிரகணத்தன்றைக்குக் கடை விரித்தேன்

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொத்தச் செலவு 31,000 ரூபாய். நன்கொடையாக வந்தது 6,000. பாக்கி 25,000 என் கையை விட்டுப் போனது. ஜெராக்ஸ் கடைக்குப் புது மெஷின் வாங்கச் சீட்டுப் போட்டு எடுத்த பணம் அது. ஐந்து வாரம் சாயங்காலம் கடையைச் சரியாகப் பார்க்காததால் போன வியாபாரத்தை நான் எழுதி வைக்கவில்லை. வீட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்துக்கு எங்கள் ஊர் பஜாரில் அறிவியல் திருவிழா நடத்துகிறேன் என்று கிளம்பினேன். என்ன செய்யக் கூடாது என்று ஒருத்தராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும். அடுத்தவருக்காவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஒரே பஜார், ஒரு தேர், ஒரு பள்ளிவாசல், பக்கத்திலேயே தாமிரபரணி. 2010 ஜனவரி 15-இல் கங்கண கிரகணம் வந்தபோது நான் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். தை அமாவாசை, மாட்டுப் பொங்கல், கிரகணம் மூன்றும் ஒரே நாளில் விழுந்தன. மதியம் ஒன்றேகால் வாக்கில், திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று நம் பக்கம் முழுக்கச் சூரியன் நடுவில் ஓட்டையோடு வளையலாகத் தொங்கியது. கல்லூரியில் கொடுத்த கண்ணாடியோடு நான் பஜாருக்கு ஓடி வந்தால், தெருவில் நாயும் நானும்தான். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. தலைக்கு மேலே அப்படி ஒன்று நடக்கிறது, பார்க்க ஆளில்லை. அது மனசில் முள்ளாகவே கிடந்தது.

பிறகு 2017 ஆகஸ்ட் 21 அமெரிக்கக் கிரகணத்தைப் போனில் பார்த்தேன். கிரகணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே சின்னச் சின்ன ஊர்கள் கடைத்தெருவை அடைத்துக் கொண்டாடிய கொண்டாட்டம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. கென்டக்கியில் ஹாப்கின்ஸ்வில், இல்லினாயில் கார்பண்டேல். ஓரிகனில் ஓர் ஊருக்குப் பெயரே மெட்ராஸ். ஆறேழாயிரம் பேர் இருக்கிற ஊர், நம்ம பேரூராட்சி அளவுகூட இல்லை. கடை வாசலில் மேஜை போட்டு, பிள்ளைகளுக்குத் தொலைநோக்கியும் பாட்டும் சாப்பாடுமாக ஒரு திருவிழா. அந்த மெட்ராஸில் முடிகிறது, நம்ம ஊரில் ஏன் முடியாது என்று தோன்றியது. அந்த ஊர்கள் எல்லாம் முழுக் கிரகணப் பாதையின் மேலே இருந்தன, வெளியூர்க்காரர்கள் தேடி வந்தார்கள், பல மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். இதெல்லாம் என் புத்திக்கு அப்போது எட்டவில்லை.

2019 கிரகணத்தில் வளையம் தெரிந்த பாதை கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போனது. நமக்குச் சூரியனில் முக்கால் பங்குக்கு மேல் மறையும், வளையம் கிடையாது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. தொலைநோக்கி வைத்திருக்கிறவர்களுக்கு அதுதான் விஷயமே. கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்த ஒருவர் கிரகணத்துக்கு நாலு நாள் முன்னால் போன் செய்து, “தப்பா நினைக்காதீங்க, நான் திண்டுக்கல் போறேன்” என்றார். நியாயம்தான். நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டரில் முழு வளையம் காத்திருக்க, பாதிப் பழத்தைப் பார்க்க எவர் வருவார்? அவரை அழைத்துவரப் பேசிய காருக்குக் கொடுத்த முன்பணம் 1,500 போனது. உங்கள் ஊர் பாதைக்கு வெளியே இருந்தால் நிபுணர்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் இருக்கிற மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒரு மாதம் முன்னால் நேரில் போய்ப் பேசுங்கள், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களிடம் ஆசிரியர் யாராவது கிடைப்பாரா என்று கேளுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை, “நமக்குத் தெரியாததா” என்ற திமிர். விழாக் குழு என்று ஒன்பது பேர் பெயரை நோட்டீஸில் போட்டிருந்தேன். அன்று காலை வந்தவர் ஒருவர். அவரும் ஏழரைக்குத் தர்ப்பணத்துக்கு ஆற்றுக்குப் போய்விட்டார், அமாவாசை இல்லையா.

கண்ணாடிக் கதைதான் வயிற்றெரிச்சல். கிரகணக் கண்ணாடி நானூறு, ஒன்று 35 ரூபாய் வீதம் 14,000. ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரே இடத்தில் வாங்கினேன். அட்டையில் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று, சூரியனைப் பார்க்கிற கண்ணாடிக்கான உலகத் தர எண், அச்சடித்திருந்தது. அச்சடிக்க யாரால்தான் முடியாது? நானே நாள் முழுக்க அச்சடிக்கிறவன், எனக்கு அது உறைக்கவில்லை. முந்தின நாள் ராத்திரி மகள் ஒன்றை மாட்டிக்கொண்டு, “அப்பா, டியூப்லைட் தெரியுது” என்றாள். வயிறு கலங்கிவிட்டது. நல்ல கண்ணாடியில் வீட்டுக்குள் எதுவுமே தெரியக் கூடாது. டியூப்லைட்டும் தெரியாது, எதிரே நிற்கிற ஆளும் தெரியாது. வெளியே போய்ச் சூரியனைப் பார்த்தால் மட்டும் கண் கூசாத ஒரு வட்டம் தெரியும். உட்கார்ந்து நானூற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இருநூற்றைம்பது தேறவில்லை. மணி ஒன்றரை. தேறாததை எல்லாம் நடுவில் வெட்டிப் போட்டேன், குப்பையில் எடுத்து எந்தப் பிள்ளையும் மாட்டிவிடக் கூடாதே. விழித்திரையில் வலி தெரியாது, அதுதான் ஆபத்து. பார்க்கிறபோது ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும், சில மணி நேரம் கழித்துப் பார்வைக்கு நடுவில் கரும்புள்ளி நிற்கும். எக்ஸ்ரே படம், சி.டி., புகை பிடித்த கண்ணாடிச் சில்லு, மஞ்சள் தண்ணீர், சாணித் தண்ணீரில் விழுகிற நிழல், எதுவும் ஆகாது. வெல்டிங் கண்ணாடி என்றால் 14-ஆம் எண் மட்டும். பட்டறைகளில் சாதாரணமாகக் கிடக்கிறது அதைவிட வெளிறினது. கண்ணாடி வாங்குவதாக இருந்தால் முதலில் பத்து மட்டும் வாங்கிப் பாருங்கள். வீட்டுக்கு ஒன்று போதும், ஆளுக்கு ஒன்று தேவையே இல்லை. நாலு விநாடி பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கலாம்.

இடம் பார்த்ததிலும் கோட்டை விட்டேன். ரோட்டை மறிக்க மனு கொடுத்து, அலுவலகம் அலுவலகமாக நாலு நடை நடந்து, கடைசியில் ஒரு பக்கத்தை மட்டும் பதினொன்றரை வரை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பந்தலும் மேடையும் மைக்கும் 9,000. எல்லாம் ஜோராக நின்றது. காலை எட்டு மணி தாண்டிச் சூரியன் கடிபட ஆரம்பிக்கும்போது என் மேடை முழுக்க நிழலில் இருந்தது! கிழக்கே புதிதாக எழுந்த மூன்று மாடிக் கட்டிடம் மறைத்துக்கொண்டது. மார்கழிச் சூரியன் தென்கிழக்கே தாழ்வாக வரும். எட்டு மணிக்கு அந்த உயரக் கட்டிடத்தின் நிழல் எண்பது அடிக்கு மேல் நீளமாக விழும். நான் இடம் பார்த்தது சாயங்காலம் கடை அடைத்த பிறகு. பத்து நாள் முன்னால் அதே நேரத்துக்கு அதே இடத்தில் ஒருதடவை போய் நின்றிருந்தால் தெரிந்திருக்கும், அதற்குக் காசு கூட வேண்டாம். அதோடு, தலைக்கு மேலே நடக்கிற கூத்துக்குப் போய் பந்தல் போட்டேன் பாருங்கள், அந்தப் புத்திக்கு என்ன சொல்ல.

ஆனாலும் கூட்டம் வந்தது, நூறு பேர் இருக்கும். அரைப் பரீட்சை லீவு, பிள்ளைகள்தான் அதிகம். பின்னால் கொஞ்சம் தள்ளிப் பெண்கள், கடை வாசல்களில் பெரியவர்கள். மேகம் போவதும் வருவதுமாக இருந்தது. இங்கேதான் நான் செய்த தப்பில் பெரிய தப்பு. மைக்கைப் பிடித்து, “கிரகண நேரத்தில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, இதோ நான் சாப்பிடுகிறேன், எல்லாரும் வந்து சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று அறிவித்தேன். 2,000 ரூபாய்ச் சுண்டல், விடிகாலையில் எழுந்து அவித்தது. சொன்ன மாத்திரத்தில் பின்னால் நின்ற பெண்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு ஆச்சி போகிறபோது சொன்னாள்: “ஏ அய்யா, பாக்கத்தான் வந்தோம். திங்கதுக்கா வந்தோம்?” பத்து நிமிஷத்தில் பாதித் தெரு காலி. அவர்கள் கிரகணத்தைப் பார்க்கத் தயாராக வந்திருந்தார்கள். அதுவே பத்து வருஷத்துக்கு முன்னால் நடக்காத காரியம். நான் அதோடு நிறுத்தாமல் இன்னொரு பரீட்சையும் வைத்தேன். தின்றால் என் கட்சி, தின்னாவிட்டால் மூடநம்பிக்கைக் கட்சி என்று ஆக்கிவிட்டால் யார் நிற்பார்கள்? சாப்பிடாமல் இருப்பதில் அவர்களுக்கு நஷ்டம் மூன்று மணி நேரப் பசி. பார்க்காமல் போனதில் நஷ்டம் அதைவிடப் பெரிது. அந்தச் சுண்டலைப் பதினொன்றரைக்கு மேல் கொடுத்திருந்தால் ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சாயங்காலம் மாட்டுக்குத்தான் போட்டேன்.

மிச்சம் இருந்தவர்களை உலக்கை கொண்டுபோனது. “மேலத்தெருவுல உலக்கை நிக்குதாம்லே!” என்று ஒரு பையன் கத்தினான், நாற்பது பேர் ஒரே ஓட்டம். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தினால் கிரகணம் முடியும்வரை நிற்கும் என்று நம் பக்கம் வழக்கம் உண்டே, அதுதான். “அது என்னைக்கு வச்சாலும் நிக்கும்!” என்று மைக்கில் கத்தினேன். அதற்கு வடை கடை மாமா, “எல்லாத்தையும் நொள்ளை சொல்லாதடே” என்றார். பன்னிரண்டு மணிக்கு அதே உலக்கையை, அதே தாம்பாளத்தை வாங்கி வந்து என் கடை வாசலில் நிறுத்திக் காட்டினேன். நின்றது. அடியில் இரும்புப் பூண் தட்டையாக இருக்கிறது, கை நடுங்காமல் விட்டால் நிற்காமல் என்ன செய்யும்? பார்த்தது மூன்று பேர். இதை நான் முந்தின நாள் சாயங்காலம் பஜார் நடுவில் செய்திருக்க வேண்டும், அதுவும் கேலியாக இல்லாமல், யார் நிறுத்துகிறார்கள் பார்ப்போம் என்று பிள்ளைகளுக்குப் போட்டியாக. கிரகண நேரத்தில் உலக்கையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நிற்கிற உலக்கை எப்போதும் ஜெயிக்கும்.

ஒன்பது மணிக்கு நான் பந்தலுக்கு அடியில், காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது என்றால் மிகையில்லை. எதிர்த்த பலசரக்குக் கடை அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு நின்றவர், “என்னடே, ஆள் தாட்டியாச்சா? அந்த முகம் பாக்கக் கண்ணாடி எதுக்கு வச்சிருக்க?” என்று கேட்டார். என் பையில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்று இருந்தது. கறுப்பு அட்டையில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை போட்டு அதன் மேல் ஒட்டியது. நேரம் இருந்தால் காட்டலாம் என்று கொண்டுவந்து, மேடை மும்முரத்தில் மறந்தே போனது. “அண்ணாச்சி, உங்க குடோன்ல லைட்டை அணைச்சிட்டு ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்குங்க” என்றேன். அவருடைய கடை பழைய காலத்துக் கடை, வாசல் சின்னது, உள்ளே ஐம்பது அடிக்கு ரயில் பெட்டி மாதிரி போகும். கடைசியில் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். வாசலுக்கு வெளியே வெயில் விழுந்த இடத்தில் உளுந்து மூட்டை ஒன்றைப் போட்டு, அதன் மேல் கண்ணாடியைப் புதைத்து வைத்தேன். உளுந்து மூட்டை அருமையான தாங்கி. எந்தப் பக்கம் அமுக்கினாலும் சொன்னபடி கேட்கும், கைவிட்டால் அசையாது. கொஞ்சம் திருப்பினதும் உள்ளே சுவரில் வந்து விழுந்தது. ஊத்தப்பம் அளவுக்கு ஒரு சூரியன். ஒரு பக்கத்தை வாயால் கடித்து எடுத்த மாதிரி.

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. மிளகாய் மூட்டைக்கும் புளி மூட்டைக்கும் நடுவில் போய்ச் சுவருக்குக் கிட்டே நின்று பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்து, “ஏ, எல்லாரும் வாங்க, இங்க சூரியன் கடைக்குள்ள வந்துருக்கு” என்று ஒரு சத்தம் கொடுத்தார். என் ஒன்பதாயிரம் ரூபாய் மைக்கால் ஆகாததை அந்தச் சத்தம் செய்தது. உலக்கை பார்க்கப் போனவர்கள் வந்தார்கள். வீட்டுக்குப் போன பெண்களும் வந்தார்கள். கடைக்குள் வருவதற்கு வெளியே வருகிற தோஷம் கிடையாதே! சுவரில் இருக்கிற சூரியனைப் பார்க்கக் கண்ணாடியும் வேண்டாம், பயமும் வேண்டாம். பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை முடித்து வந்தவர்கள் தொப்பியோடு வந்து நின்றார்கள். முறை வைத்து இருபது இருபது பேராக உள்ளே விட்டார் அண்ணாச்சி.

பிம்பம் நிற்காமல் சுவரில் நகர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை கண்ணாடியைத் திருப்ப வேண்டும். ஒரு பெண் பிள்ளை, ஆறாம் வகுப்பு இருக்கும், “யாரு மாமா ஆட்டுறா?” என்று கேட்டது. யாரும் ஆட்டவில்லை, பூமி சுற்றுகிறது, அதுதான் நகருகிறது என்றேன். அது சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டே நின்றது. பூமி சுற்றுவதைப் பாடத்தில் நானும் எத்தனையோ தடவை படித்தவன், ஒரு சுவரில் பார்த்தது அன்றைக்குத்தான். இதைச் செய்கிறவர்களுக்கு ஓர் அளவு: ஒரு மீட்டர் தூரத்துக்குச் சூரியப் பிம்பம் ஒன்பது மில்லிமீட்டர் வரும், பதினைந்து மீட்டருக்குப் பதினாலு சென்டிமீட்டர். தூரம் குறைந்தால் ஓட்டையையும் சின்னதாக்குங்கள். கண்ணாடியில் யாரும் குனிந்து பார்க்காமல் இருக்கப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும், ஒளி போகிற வழியில் பிள்ளைகள் முகம் குறுக்கே வரவும் கூடாது.

ஒன்பதரை வாக்கில் உச்சம். வெயில் வெயிலாகவே இல்லை, கழுவின பித்தளை மாதிரி மங்கி, லேசாகக் குளிர்ந்தது. அப்போது வடை கடை மாமா (என்னைக் கடிந்த அதே மாமாதான்) எண்ணெய் வடிக்கிற ஜல்லிக்கரண்டியோடு வந்தார். “இதுல என்னமோ தெரியும்னு சொன்னியேடே.” நோட்டீஸில் எழுதியிருந்தேன், படித்திருக்கிறார். அதைத் தலை உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். தாழ்த்திப் பிடித்தால் வெறும் வட்டம்தான் விழும், ஆறடி தூரமாவது வேண்டும். அண்ணாச்சியின் வெள்ளை வேட்டியில் வரிசை வரிசையாகப் பிறைகள் விழுந்தன. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிறை. அண்ணாச்சி குனிந்து தன் வேட்டியைப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றார், அசைந்தால் கொட்டிவிடும் என்பது போல. பிறகு தெருவெல்லாம் சல்லடை, இடியாப்பத் தட்டு, முறம், பின்னல் கூடை. பக்கத்து வேப்பமரத்து நிழலிலும் இதே பிறைகள் கொட்டிக் கிடந்ததை ஒரு வாண்டுதான் கண்டுபிடித்தான். நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை, ஓடி ஓடிக் கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். “நிலா இம்புட்டுக்காண்டு, சூரியன் அம்புட்டுப் பெரிசு, எப்படி மறைக்கும்?” என்று கேட்ட ஆச்சியிடம், கட்டைவிரலை நீட்டி ஒற்றைக் கண்ணால் கோயில் கோபுரத்தைப் பார்க்கச் சொன்னேன். சூரியன் நிலாவைவிட நானூறு மடங்கு அகலம், தூரமும் கிட்டத்தட்ட நானூறு மடங்கு, அதனால்தான் கண்ணுக்கு ஒரே அளவு. “அப்ப பக்கத்துல இருக்கவன் மறைக்கான்” என்றாள். சரியாகச் சொன்னாள்.

பதினொன்றேகாலுக்கு விட்டது. பந்தல்காரர் நாற்காலிகளை எண்ணி இரண்டு குறைகிறது என்று சண்டை போட்டார், அதற்கும் கொடுத்தேன் (அது முதலில் சொன்ன கணக்கில் இல்லை). ஃபிளெக்ஸும் நோட்டீஸும் 4,500. ஃபிளெக்ஸ் இன்றைக்கு யார் வீட்டுக் கோழிக்கூண்டுக்கோ கூரை. இப்போது இதே விழாவை நடத்தச் சொன்னால் மேடை, மைக், பந்தல், ஃபிளெக்ஸ் எதுவும் கிடையாது. சோதித்து எடுத்த கண்ணாடி ஐம்பது, முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு நாலு, கறுப்பு அட்டை. நீளமான இருட்டுக் கடை வைத்திருக்கிற நாலு அண்ணாச்சிகளிடம் முன்கூட்டிப் பேச்சு. மூவாயிரத்துக்குள் முடியும். நன்கொடைக்கு நோட்டீஸில் பெயர் போடுவதைவிட, அவரவர் கடைக்குள்ளேயே சூரியனை இறக்கித் தருகிறேன் என்று கேட்டால் கடைக்காரர்கள் தாங்களே முன்வருவார்கள்.

இனி அடுத்து நம் பக்கம் தெரியப்போவது 2027 ஆகஸ்ட் 2. எகிப்து பக்கம் முழுக் கிரகணம், நமக்கு மாலையில் கொஞ்சமாகக் கடிபடும். அன்றைக்கு ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலிலும் பாபநாசம் படித்துறையிலும் ஜில்லாவே இருக்கும், பஜாரில் ஆளைத் தேடாதீர்கள். ஆனால் பாபநாசம் மலைக்கு அடிவாரம், சூரியன் ஊருக்கு முன்னால் அங்கே மறைந்துவிடும், சாரல் மேகம் வேறு. திருநெல்வேலி குறுக்குத்துறை மாதிரிக் கிழக்கே தள்ளின படித்துறைதான் தோது. 2031 மே 21-இல் மதுரைப் பக்கம் மறுபடியும் வளையம் வருகிறது. அது மதியம், சூரியன் உச்சியில் இருக்கும், கண்ணாடியை வைத்துக் கடைக்குள் திருப்புவது கஷ்டம், ஜல்லிக்கரண்டிதான் சரி. 2027-க்கு முன்னோட்டமாக நான் இந்த வருஷ ஆடி அமாவாசைக்கு மாலை நாலரையிலிருந்து குறுக்குத்துறையில் போய் நின்று, சூரியன் எந்த மரத்துக்குப் பின்னால் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு வரப்போகிறேன். உளுந்து மூட்டைக்கு அண்ணாச்சியிடம் சொல்லியாகிவிட்டது.